தண்ணீரின் தடம் – 9: அரை மில்லிமீட்டர் ஓடு

"தினம் ரெண்டு வேளை விளக்குறேன் டாக்டர், போகவே மாட்டேங்குது." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்து, ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியேறிய பலருக்கு இது பழகிய புலம்பல். விளக்கிப் போகிற கறை இல்லை இது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் குடித்த ஃபுளோரைடு தண்ணீர், எனாமலை நுண்துளைகளோடு வளர்த்துவிடுகிறது. முளைத்த பிறகு அந்தத் துளைகளில் பழுப்பு ஏறுகிறது. முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அப்புறம் இங்கே வந்து செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைக் குடித்தாலும் பல் மாறாது. அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. அதுவரை போர்வெல்லை நம்பி வளர்ந்த பிள்ளைகள் இன்று பெண் பார்க்கிற, வேலைக்கு இன்டர்வியூ போகிற வயதில் இருக்கிறார்கள்.

வந்ததும் அவர்கள் கேட்பது, "கேப் போட்டுடலாமா?" என்றுதான். அவசரப்பட வேண்டாம் என்பேன். கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். லேசான கறைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுரைக்கல் பொடியும் கலந்த பசையால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுப்பதே பல நேரம் போதும். வெண்திட்டுகளுக்கு ரெசினை உள்ளே ஊறவைக்கும் முறை இருக்கிறது. குழி விழுந்து, அடர்பழுப்பு ஏறிய பல்லுக்குத்தான் வெனீர்.

வெனீர் என்பது பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டும் பீங்கான் ஓடு. கனம் சுமார் அரை மில்லிமீட்டர், விரல் நகம் அளவுதான். அதற்கு இடம் விட முன்பக்கத்தை 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை உரசுகிறார்கள். எனாமலைத் தாண்டாமல் உரசுவதில்தான் மருத்துவரின் கை தெரியும். தாண்டினால் பல் கூசும், ஒட்டும் பலமும் குறையும். ஃபுளோரைடு ஏறிய பல்லில் இன்னொரு சிக்கல்: அதன் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஒட்டுவதற்கு முன் பல்லைச் சொரசொரப்பாக்கும் பாஸ்பாரிக் அமிலத்தை வழக்கமான நேரம் வைத்தால் பிடிப்புக் கிடைக்காமல் போகலாம். அந்த அடுக்கை நீக்கிவிட்டோ, கூடுதல் நேரம் வைத்தோ ஒட்டுகிறார்கள். ஓட்டின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்குவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கறையை உண்டாக்கிய அதே ஃபுளோரின், இங்கே கறையை மறைக்கும் ஓடு பிடித்து நிற்க உதவுகிறது.

நிறம்தான் கடைசிச் சவால். ஓடு மெலிந்திருந்தால் அடிக்கறை நிழலாய்த் தெரியும். ஒளி புகாத பீங்கானாக எடுத்தால் பல் உயிரற்றுத் தோன்றும். அதனால் முதலில் பிளீச்சிங் செய்து கறையை வெளிறவைத்துவிட்டுத்தான் பல மருத்துவர்கள் அளவெடுக்கிறார்கள். உரசுவதற்கு முன் தற்காலிக ரெசினில் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்து, பேசி, சிரித்து, வீட்டாரிடமும் காட்டிவிட்டுச் சம்மதியுங்கள். உரசிய எனாமல் மறுபடி வளராது. செலவுக்குத் தயங்குகிறவர்கள் வேலப்பன்சாவடியில் உள்ளதுபோன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். நேரடியாகப் பல்லிலேயே ரெசினில் செய்யும் வெனீரின் விலை குறைவு, ஆனால் சில ஆண்டுகளில் நிறம் மங்கும்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்யச் சொல்லிக் கேட்கும் பெற்றோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஈறு இன்னும் தன் இடத்துக்கு வந்து நின்றிருக்காது. அந்த வயதுக்கு என்ன செய்யலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)