வார இறுதிச் சிங்கள வகுப்பு: தொண்டாசிரியர்கள் கவனத்திற்கு

நமது தோட்டங்களில் உயர்தரம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கொழும்பில் கடையிலோ, வீட்டிலோ சில வருஷம் வேலை செய்து, சிங்களம் நன்றாகப் பேசப் பழகித் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் இரண்டு பேர் சேர்ந்தால் சனி, ஞாயிறுகளில் ஒரு சிங்கள வகுப்பை நடத்த முடியும். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனாலும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யக்கூடிய வேலையல்ல. ஆரம்பிக்கும் வகுப்புகள் பல நாலாவது வாரத்திலேயே நின்றுபோகின்றன. அப்படி நின்றுபோகாமல் நடத்துவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வார இறுதிப் பள்ளி புதிய விஷயமல்ல

தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் லயத்து வாசலிலும் கோயில் மண்டபத்திலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தே பல பெரியவர்கள் அரிச்சுவடி படித்தார்கள். வெளிநாடுகளிலும் இதே வழக்கம் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய சீனர்கள் சனி, ஞாயிறுகளில் தங்கள் பிள்ளைகளுக்குச் சீன மொழிப் பள்ளி நடத்துகிறார்கள். பெற்றோரே அங்கு ஆசிரியர்கள். கனடா, பிரித்தானியா, ஜெர்மனி முதலிய நாடுகளுக்குப் போன தமிழர்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். அவர்கள் பிள்ளை தாய்மொழியை மறக்காமல் இருக்க நடத்துகிறார்கள். நமக்கோ தாய்மொழி வீட்டிலும் பாடசாலையிலும் இருக்கிறது. நாம் பக்கத்து வீட்டாரின் மொழியைப் படிக்க நடத்துகிறோம். நோக்கம் வேறாக இருந்தாலும் நடத்தும் முறையில் பெரிய வேற்றுமை இல்லை.

"நம்ம பாஷைய விட்டுக்கொடுக்கிறதா?"

வகுப்பு என்றதும் சில பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் நமது மக்கள் பட்ட கஷ்டம் சொல்லி முடியாது. ஆனால் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் தமிழையும் நிர்வாக மொழியாக்கியது. இதைக் கவனிக்க 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அரச கரும மொழிகள் ஆணைக்குழு உண்டாக்கப்பட்டது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அதை இருமொழிப் பிரிவாக அறிவிக்கலாம். பதுளை மாவட்டத்தில் பல பிரிவுகள் அவ்வாறு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுள்ளன.

ஆகவே அரச அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதவும், தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. சிங்களம் படித்தவர் இந்த உரிமையை இழக்கமாட்டார். எந்த வகுப்பிலும் முதல் நாளில் தொண்டாசிரியர் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சிங்களம் நமக்கு ஒரு கருவி, தமிழ் நம்ம உரிமை. ரெண்டையும் வச்சுக்குவோம்" என்று சொன்னால் பிள்ளைக்கும் விளங்கும், பாட்டிக்கும் விளங்கும்.

ஆனால் உரிமை காகிதத்தில் இருந்தாலும் கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நம் ஆள் கையெழுத்துப் போடும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் ஆளுக்குத் தெரியாது. பொலிசில் எழுதும் முறைப்பாடு, ஆஸ்பத்திரித் துண்டு, வங்கிப் படிவம் எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். வேலை தேடும் பிள்ளைக்கும் இது முக்கியம். 2007 ஜூலை 1ஆம் திகதி முதல் அரச சேவையில் சேருகிறவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்து, சாதாரண தரத்தில் அதை ஒரு பாடமாக எடுக்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை என்ன செய்யும்? அந்தக் குறையை வார இறுதி வகுப்பு ஓரளவு தீர்க்கும்.

நேரமும் இடமும்

சனிக்கிழமை காலையில் பெரட்டுக்குப் போகும் அம்மா, வீட்டில் சின்னதுகளைப் பெரிய பிள்ளையிடம் விட்டுப் போகிறாள். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, கோயில், சர்ச்சு, சந்தை. ஆகவே சனி அல்லது ஞாயிறு பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வசதியாக இருக்கும். தண்ணி எடுக்கவும் விறகு பொறுக்கவும் பிள்ளைக்கு நேரம் மிஞ்ச வேண்டும். தம்பி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வரும் பெண் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சின்னதுக்கு ஒரு மூலையில் சாக்கு விரித்துக் கொடுங்கள்.

மடுல்சீமைப் பக்கம் மத்தியானத்துக்குப் பின் பனிமூட்டம் இறங்கிவிடும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை வேறு. அந்த மாதங்களில் வகுப்பை முன்கூட்டியே முடித்து, வெளிச்சத்திலேயே பிள்ளைகளை அனுப்ப வேண்டும். தூரத்து லயத்துப் பிள்ளைகள் கூட்டமாகப் போக வேண்டும். மலைச்சரிவுக்கு அடியிலுள்ள கட்டடத்தில் மழை நாளில் வகுப்பு வைக்கவே கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களே மூடுண்டதை நாம் யாரும் மறக்கவில்லை. எச்சரிக்கை வந்த நாளில் வகுப்பு இல்லை என்பது பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இடத்துக்கு வாசகசாலை, கோயில் மண்டபம், பாடசாலை மூன்றும் பொருத்தம். அனுமதியைத் தோட்ட நிர்வாகத்திடமோ, கமிட்டியிடமோ, அதிபரிடமோ எழுத்தில் பெறுங்கள். சாவி யாரிடம் இருக்கும், யார் கூட்டித் துடைப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். வகுப்புகள் பல சாவிச் சண்டையிலேயே முடிகின்றன.

தொண்டாசிரியர் பின்பற்ற வேண்டியவை

1. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும், நேர்முகப் பரீட்சைக்குப் போனாலும் மற்றவர் நடத்தலாம். வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

2. பத்து நிமிஷம் முன்னதாக வாருங்கள். ஒரு கொப்பியில் வருகைப் பதிவு வையுங்கள். இரண்டு வாரம் வராத பிள்ளையின் லயத்துக்குப் போய் விசாரியுங்கள். குறை சொல்லப் போகாதீர்கள், நலம் விசாரிக்கப் போங்கள்.

3. அன்றைய பாடத்தை முதல் நாள் இரவே அரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பத்துப் புதிய சொல், இரண்டு வாக்கியம், ஒரு விளையாட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

4. அடிப்பது, காதைத் திருகுவது, வெயிலில் நிறுத்துவது கூடவே கூடாது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டே சுற்றறிக்கை விட்டது. தொண்டு வகுப்புக்கு வேறு சட்டம் கிடையாது.

5. எந்தப் பிள்ளையையும் தனியாகப் பூட்டிய அறையில் வைத்துப் படிப்பிக்க வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைக்குத் தீங்கு என்ற சந்தேகம் வந்தால் மூடி மறைக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

6. பிழையாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்க இடம் கொடுக்காதீர்கள். வெளியில் நம் ஆட்கள் சிங்களம் பேசத் தயங்குவது பெரும்பாலும் சிரிப்புக்குப் பயந்துதான்.

முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

எழுத்தில் தொடங்க வேண்டாம், பேச்சில் தொடங்குங்கள். தமிழும் சிங்களமும் வாக்கிய ஒழுங்கில் ஒன்றுபோலவே இருக்கின்றன. 'நான் வீட்டுக்குப் போறேன்' என்பது 'மம கெதர யனவா'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் போறேன், போறோம், போறா என்று வினை மாறும். பேச்சுச் சிங்களத்தில் மாறாது. 'அபி கெதர யனவா', 'அக்கா கெதர யனவா' எல்லாம் யனவாதான். எழுத்துச் சிங்களத்தில் மட்டும் மாறும். ஆகவே பேச்சு முதலில், எழுத்து பிறகு.

பிள்ளைக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கினால் பயம் போய்விடும். கடை அங்கே கடே, கூலி அங்கே குலி, ஆப்பம் அங்கே ஆப்ப. அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். ஆனால் ஏமாற்றும் சொல்லும் உண்டு. சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க' என்று அர்த்தம். 'மல்லி' தம்பி. 'அய்யா' அண்ணன். நம் ஆள் மரியாதையாக 'ஐயா' என்று கூப்பிட, எதிரே இருப்பவர் அண்ணன் முறை வைத்ததாக நினைத்துக்கொள்வார்! இப்படிப்பட்ட சொற்களை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் மறக்காது. மரியாதைச் சொல்லையும் ஆரம்பத்திலேயே பழக்குங்கள். 'உம்ப' என்று யாரோ பேசக் கேட்டு, அதையே அலுவலகத்தில் பேசினால் வம்பு வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பழக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'மட்ட தேருனே நே, ஆயெத் கியன்ன.' எனக்கு விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்பது பொருள். விளங்காமலே தலையாட்டி வருவதால்தான் அநேக கஷ்டங்கள் வருகின்றன. மருந்துத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேமட்ட கலின்' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'கேமட்ட பஸ்ஸே' என்றால் சாப்பாட்டுக்குப் பின். உதே காலை, தவல் பகல், ரே இரவு. இந்த ஐந்தும் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தால் பாட்டியின் பிரஷர் குளிசை தப்பாது. 1990 அம்புலன்சுக்குப் போன் செய்து தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் பாதையையும் சிங்களத்தில் சொல்லவும் பழக்குங்கள்.

எழுத்துக்கு வரும்போது

நமக்கு ஒரே 'க' இரண்டு ஓசைக்கும் போதும். 'கல்' என்பதில் ஒரு ஓசை, 'தங்கம்' என்பதில் வேறு ஓசை. சிங்களத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. 'கஹ' என்பதைக் 'கல்'லின் ஓசையில் சொன்னால் மஞ்சள், 'தங்க'த்தின் ஓசையில் சொன்னால் மரம். 'பல்', 'கம்பு' என்ற சொற்களில் வரும் 'ப'வும் அப்படியே. ஓசை நம் வாயில் ஏற்கனவே இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டால் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஒவ்வொருவரும் தன் பெயரைச் சிங்களத்தில் எழுதப் பழக வேண்டும். சும்மா எழுதினால் போதாது, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத வேண்டும். பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, ஈ.பி.எப். பதிவில் ஒரு மாதிரி பெயர் இருப்பதால் உழைத்த காசை எடுக்கவே அலைகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ் 'ழ'வுக்குச் சிங்களத்தில் எழுத்து இல்லை. 'க', 'ச', 'ப' எந்த ஓசையில் எழுதப்படும் என்பதும் எழுதுகிறவர் காதைப் பொறுத்தது. பெயரை எழுதித் தரத் தெரிந்தவருக்கு இந்தத் தொல்லை பாதி குறையும். அத்துடன் நம (பெயர்), லிபினய (விலாசம்), உபன் தினய (பிறந்த திகதி), அத்சன (கையொப்பம்) ஆகிய நாலு சொல்லையும் வாசிக்கத் தெரிந்தால் எந்தப் படிவத்திலும் எங்கே எதை நிரப்புவது என்பது விளங்கும்.

பெற்றோரும் பக்கத்துக் கிராமமும்

மாதம் ஒருமுறை பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் படித்ததைப் பேசிக் காட்டச் செய்யுங்கள். கடையில் சாமான் வாங்குவதுபோல் ஒரு சின்ன நாடகம் போதும். பஸ்ஸில் 'கீயத?' என்று பிள்ளையையே கேட்கவிடுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குத் தனி வகுப்புக் கேட்டால் மறுக்க வேண்டாம். கொழுந்து எடுத்துக் களைத்து வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் போதும். எழுத்து வேண்டாம், பேச்சு மட்டும்.

தோட்டத்தை அடுத்த கிராமங்களில் தமிழ் படிக்க விரும்பும் சிங்கள இளைஞரும் உண்டு. அரச வேலைக்கு அவர்களுக்கும் தமிழ் தேவை. அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் அவர் சிங்களம் சொல்லித் தரட்டும், ஒரு மணி நேரம் நாம் தமிழ் சொல்லித் தருவோம். உச்சரிப்பும் சரியாக வரும், உறவும் வளரும்.

தொண்டாசிரியர் பண்டிதராக இருக்கத் தேவையில்லை. தெரியாத சொல்லைக் 'கேட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லி, அடுத்த வாரம் மறக்காமல் சொன்னால் போதும். இந்தக் காலாண்டில் உங்கள் தோட்டத்தில் இரண்டு பேர் முன்வந்தால் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டுத் தொடங்குங்கள். பன்னிரண்டாவது வாரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர், விலாசம் எழுதி, ஆஸ்பத்திரித் துண்டை வாசித்துக் காட்டினால் வகுப்பு வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அடுத்த பன்னிரண்டைப் பற்றி யோசிப்போம்.