நாற்று விட்டவர்



கூடைப்பந்து என்றால் பந்தை வளையத்தில் போடுவதுதானே என்று நினைக்கிறோம். நல்ல பயிற்சியாளர் முதலில் நிற்கத்தான் சொல்லித் தருவார். பந்தோடு நிற்கும்போது ஒரு கால் ஊன்றியிருக்க வேண்டும். மறு காலால் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஊன்றிய காலை இழுத்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதையே நூறு தடவை செய்ய வேண்டும். நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வருஷம் பூரா அரத்தைப் பிடித்து ராவுகிறோமே, அது மாதிரிதான்.

பஞ்சாபில் லூதியானா கூடைப்பந்து அகாதெமியில் பிள்ளைகளை இப்படி ஆளாக்கியவர் டாக்டர் எஸ்.சுப்பிரமணியன். பாலோகே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங் சிறுவனாக அங்கே வந்து சேர்ந்தார். 2010இல் மேற்பயிற்சிக்கு அமெரிக்கா போனார். 2015இல் அங்குள்ள என்.பி.ஏ. போட்டிக்கு டல்லாஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த யாருக்கும் அதுவரை கிடைக்காத இடம் அது. பார்க்கத்தான் சுப்பிரமணியன் இல்லை, 2013இலேயே காலமாகிவிட்டார்.

நாற்று விடுபவர் ஒருவர், நடுபவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாததா? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆரம்பப்பள்ளி வாத்தியாருக்கு நான் டிப்ளமோ படிப்பது தெரியாது. இந்த லீவில் போய்ச் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார், போய்ப் பாருங்கள்!