ஒரு பேரெண்ணின் வரலாறு

பத்து இலக்கங்களையுடைய 4294967297 என்னும் எண் பார்வைக்கு யாதொரு சிறப்பும் உடையதன்று. ஆயினும், பேரறிஞரொருவர் உண்மையென நம்பிய கொள்கை இவ்வெண்ணாலேயே வீழ்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறுவாம்.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் பகா எண் எனப்படும். பிரெஞ்சு தேசத்துத் துலூசு நகரில் நியாயஸ்தல ஆலோசகராயிருந்த பெர்மா என்பார் பகா எண்களையே தரும் விதியொன்றை நாடினார். இரண்டை வர்க்கித்து, வந்ததை மீண்டும் மீண்டும் வர்க்கித்துச் செல்லின் 2, 4, 16, 256, 65536 என்பன வரும். ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 ஆகும். இவ்வைந்தும் பகா எண்களே. ஆகவே இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களாமென்று அவர் 1640-ல் கடிதமொன்றில் எழுதினார். நிரூபணம் மட்டும் அவரிடம் இருந்திலது.

வரிசையில் ஆறாவதாய் நிற்பது நம் எண். அஃதாவது 2³² + 1. இது பகா எண்ணோ என்று சோதிக்க, 65536 வரையுள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். கையாற் கணக்கிடுவோர்க்கு இஃது எளிதன்று.

1729-ல் கோல்டுபாக் என்பார் இவ்விஷயத்தை ருஷியாவில் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த ஆய்லருக்கு எழுதினார். ஆய்லர் 1732-ல் விடை கண்டார்: 4294967297 = 641 × 6700417. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி உளதாயின், அது 64-ஆல் வகுக்க ஒன்று மீதியாவதாகவே இருத்தல் வேண்டுமென்று அவர் பின்னர் நிரூபித்தார். அவ்வாறான பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். எனவே ஐந்தாம் முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிடும்.

நீண்ட வகுத்தலின்றியும் இதனைக் காணலாம். 641 = 5 × 2⁷ + 1; மேலும் 641 = 5⁴ + 2⁴. ஓரெண்ணின் நான்காம் படியினின்று ஒன்றைக் கழிக்க எஞ்சுவது, அவ்வெண்ணினும் ஒன்று மிக்க எண்ணால் வகுபடும் என்பது அட்சரகணிதம் பயின்றார் அறிந்ததே. ஆதலின் 5⁴ × 2²⁸ − 1 என்பது 641-ஆல் வகுபடும். இனி, 5⁴ + 2⁴ என்பதை 2²⁸-ஆற் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² வரும். இதுவும் 641-ஆல் வகுபடும். பின்னதினின்று முன்னதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1. அதுவே நம் எண்.

எனினும் பெர்மாவின் வரிசை வீண்போகவில்லை. பத்தொன்பது வயது நிரம்பாத காஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், 17 பக்கங்களையுடைய ஒழுங்கான பலகோணத்தைக் கோலும் கவராயமுமே கொண்டு வரையலாமென்று 1796-ல் கண்டார். 17 இவ்வரிசையிலுள்ள பகா எண்ணாயிருத்தலே அதற்குக் காரணம். 65537-க்கு மேல் இவ்வரிசையிற் பகா எண் ஒன்றேனும் இன்றுகாறும் அகப்படவில்லை.

ஐந்து உதாரணங்கள் பொருந்தியவிடத்து ஆறாவதும் பொருந்துமென்று கொள்ளுதல் மனித இயல்பு. பெர்மா போன்ற பெருமதியாளரே அங்ஙனம் வழுவினரெனின், நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! உதாரணங்கள் நம்பிக்கையைத் தரும். உண்மையை நிலைநாட்டுவது நிரூபணமே என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.