உடன் தங்குவது காவலுக்கன்று

மனச்சிதைவு நோயாளியை வார்டில் சேர்க்கும்போது உறவினர் ஒருவரும் உடன் தங்க வேண்டுமென்று நாம் கேட்கிறோம். காவலுக்காகவே என்று பலரும் எண்ணுகின்றனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நோயாளியை எவ்வாறு அணுகுவது என்பதை அவர்கள் அங்கே கண்டு கற்றனர்.

“யாரோ என்னைத் திட்டுகிறார்கள்” என்று நோயாளி சொல்லும்போது நம் செவிலியர் மறுத்து வாதிடுவதில்லை, ஆமென்று ஒப்புக்கொள்வதுமில்லை. “எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு அச்சமாக இருக்கிறது, அல்லவா?” என்று கேட்டு, அருகில் அமர்கிறார். இதைத் துண்டுப் பிரசுரத்தில் படித்தால் போதாது. நேரில் காண வேண்டும்.

குரல் கேட்பதை நோயென்று ஏற்கும் குடும்பமும், குளிக்காமல், பேசாமல் படுத்தே கிடப்பதைச் சோம்பல் என்கிறது. அதுவும் நோயின் கூறே. வீட்டில் வசவு பெரும்பாலும் இதற்குத்தான் விழுகிறது. ஓயாத குறைகூறலும் பகைமையும் மிக்க வீடுகளுக்குத் திரும்பியோரிடம் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் உடனாய்வாளர்களும் கண்டறிந்தனர். வீட்டாரால் நோய் வந்தது என்பது இதன் பொருளன்று. பல்லாண்டு பார்த்துக் களைத்தவர் கடிந்துகொள்வது இயல்பே. அவருக்கும் ஓய்வு வேண்டும்.

வீடு திரும்பியபின் தூக்கம் குறைந்தாலோ, மாத்திரையை ஒளித்துவைத்தாலோ, அடுத்த தேதிவரை காத்திராமல் அழைத்து வாருங்கள். நலமாகத் தெரிகிறாரே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டெலிமானஸ் எண் 14416க்கு இரவிலும் கட்டணமின்றிப் பேசலாம். பராமரிப்பவர் தம் மனச்சுமையைச் சொல்லவும் அழைக்கலாம்.