பாரிஸ் வானமும் நமது மொட்டைமாடியும்

2024-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி மாலை ஏழரை மணிக்கு, வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரையும் பாட்டியையும் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றோம். 'சூச்சின்ஷான் - அட்லஸ்' என்னும் வால் நக்ஷத்திரம் முந்தின நாள்தான் பூமிக்கு மிக அருகில் வந்திருந்தது. அருகில் என்றால் ஏழு கோடி கிலோமீட்டர்! மேற்கே தாழ்வாக நிற்கும் என்று 'ஸ்டெல்லேரியம்' கூறியிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. 1986-ல் ஹாலியையும் பார்க்கத் தவறிய பாட்டி, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அதுதான் நம்மை வருத்திற்று.

ஸ்டெல்லேரியம் என்பது கம்ப்யூட்டரில் ஆகாயத்தை வரைந்து காட்டும் இலவச மென்பொருள். பிரெஞ்சுக்காரரான ஃபேபியன் ஷெரோ 2000-ம் வருஷத்தில் தொடங்கியது. அதனால்தானோ என்னவோ, இணையத் தொடர்பின்றி, ஊரும் சொல்லாமல் திறந்தால் பாரிஸ் நகரத்து வானத்தைக் காட்டிவிடுகிறது. பாரிஸில் அக்டோபர் மாத நடுவில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் மறைவான். இங்கேயோ ஆறு மணிக்குள் மறைந்து விடுகிறான். நாம் மாடி ஏறுமுன் வால் நக்ஷத்திரமும் அவன் பின்னே போய்விட்டது!

ஆகையால் நேயர்கள் முதலில் தங்கள் ஊரைக் குறிப்பிட வேண்டும். அடுத்தது பாதைக் கணக்கு. கிரகங்களைப்போல் வால் நக்ஷத்திரங்கள் மென்பொருளில் நிரந்தரக் குடிகள் அல்ல. புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவை. அவற்றின் பாதை விவரங்களை 'மைனர் பிளானட் சென்டர்' வெளியிடுகிறது. அவற்றை இணையத்திலிருந்து அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். பழைய விவரத்தை வைத்துக்கொண்டால் இடம் பிசகும்.

இடத்தைச் சொல்வதில் கணக்கு கெட்டி. பிரகாசத்தைச் சொல்வதில் அவ்வளவு கெட்டியல்ல. 2013-ல் 'ஐசான்' பகலிலும் தெரியக்கூடும் என்றார்கள். நவம்பர் 28-ந் தேதி சூரியனைச் சுற்றும்போதே அது சிதறிப் போயிற்று. தவிரவும், வால் நக்ஷத்திரத்தின் ஒளி ஒரு புள்ளியில் நில்லாமல் பரவிக் கிடப்பது. அதே எண்ணுள்ள நக்ஷத்திரத்தைவிட மங்கலாகவே கண்ணுக்குப் படும்.

சில நாள் கழித்து மேகம் விலகிய ஒரு மாலையில், ஊரைத் திருத்திக்கொண்டு மறுபடி ஏறினோம். தென்மேற்கே வெள்ளி, வடமேற்கே சுவாதி. இரண்டுக்கும் நடுவில், சற்று உயரத்தில், பைனாகுலரில் பஞ்சைத் தேய்த்தாற்போல் ஒரு தீற்றல். பாட்டி வெகு நேரம் பைனாகுலரைக் கொடுக்கவேயில்லை.

கீழே வந்ததும் சிறுமி ஒருத்தி மென்பொருளின் கடிகாரத்தை 2061-ம் வருஷம் ஜூலைக்குத் தள்ளி, ஹாலி திரும்புவதைப் பார்த்தாள். அப்போது தனக்கு என்ன வயது என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு நம்முடைய வயதையும் எண்ணத் தொடங்கினாள். நாம் கம்ப்யூட்டரை மூடிவிட்டோம்.