பதினொன்றுக்கு வாய்க்காத பிழை

2003 ஜனவரியில் ஒரு நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த பன்னிரண்டு குடுவைகளில் ஒன்று மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கியிருந்தது. உள்ளே பாக்டீரியா ஏகத்துக்குப் பெருகியிருக்கிறது. வெளிக்கிருமி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் தொடங்கிய சோதனை அது. ஒரே ஈ. கோலை பாக்டீரியாவின் வாரிசுகளைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்த்தார். உணவு, கொஞ்சம் குளுக்கோஸ். தினமும் நூற்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் புதிய குடுவைக்கு மாற்றுவார்கள். நாளொன்றுக்கு ஆறேழு தலைமுறை. 500 தலைமுறைக்கு ஒருமுறை சிறு பகுதியை உறையவைத்துவிடுவார்கள். உருக்கினால் அவை மீண்டும் வளரும். மூதாதையரை எழுப்பி வாரிசுகளோடு போட்டியிட வைக்கலாம் என்பதே எனக்குப் பெரும் வியப்பு.

குடுவையில் சிட்ரேட்டும் இருந்தது. எலுமிச்சைக்குப் புளிப்புத் தரும் அமிலத்தின் உப்பு. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலையால் அதை உண்டு வளர முடியாது. இந்த இனத்தை அடையாளம் காண நுண்ணுயிரியலாளர்கள் பார்க்கும் குணங்களில் அதுவும் ஒன்று. சோதித்துப் பார்த்தால், கலங்கிய குடுவையில் வெளிக்கிருமி ஏதும் இல்லை. முப்பதாயிரம் தலைமுறை கடந்த அதே பரம்பரை சிட்ரேட்டை உண்ணத் தொடங்கியிருந்தது!

சிட்ரேட்டை உள்ளிழுக்கும் புரதத்துக்கான ஜீன் ஈ. கோலையிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் ஆக்சிஜன் இல்லாதபோதுதான் அது விழிக்கும். டி.என்.ஏ.வில் நேர்ந்த ஒரு பிழையால் அந்தப் பகுதி இரட்டித்தது. ஒரு பிரதி, ஆக்சிஜன் உள்ளபோதும் இயங்கும் வேறொரு சுவிட்சின் கீழ் வந்து விழுந்தது. புதிய ஜீன் எதுவும் உருவாகவில்லை. இருந்த ஒன்றுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஒரே தாவலில் புதிய இனம் பிறக்கும் என்று நூறாண்டுகளுக்கு முன் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் வாதிட்டார். இந்தக் குடுவை அவர் கட்சிக்குச் சாட்சி சொல்வதுபோல் தோன்றும். ஆனால் இத்தனை காலத்தில் பன்னிரண்டு குடுவைகளிலும் மரபுத்தொகுதியின் ஏறத்தாழ ஒவ்வொரு எழுத்தும் பலமுறை மாறிப் பார்த்திருக்கும். மற்ற பதினொன்றுக்கு ஏன் இது வாய்க்கவில்லை?

லென்ஸ்கியின் ஆய்வகத்தைச் சேர்ந்த சக்கரி பிளவுண்ட் உறைந்த மூதாதையரை எழுப்பி, வரலாற்றை மறுபடி ஓடவிட்டார். பல லட்சம் கோடி செல்களைச் சோதித்தார். சுமார் 20,000-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டுமே சிட்ரேட் உண்பவை மீண்டும் தோன்றின. அதற்கு முந்தையவற்றில் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத சில மாற்றங்கள் முன்பே நேர்ந்து, அந்தப் பிழை பலிப்பதற்கான நிலத்தைப் பண்படுத்தியிருந்தன. சிட்ரேட்டுக்காக அவை நேரவில்லை. மாற்றங்கள் தேவை பார்த்து வருவதில்லை. தாவலுக்குப் பிறகும் வேலை பாக்கியிருந்தது. முதலில் கிடைத்த திறன் மிக மந்தம். இன்னும் பிரதிகள் பெருகி, வேறு மாற்றங்களும் சேர்ந்த பிறகே அது வலுத்தது.

குளுக்கோஸையே நம்பியிருந்த பழைய வகை உடனே அழியவில்லை. ஏறக்குறைய 10,000 தலைமுறைகள் இரண்டும் அதே குடுவையில் சேர்ந்தே பிழைத்தன. புதிய வகையைத் தனி இனம் என்று அழைக்கலாமா என்ற விவாதம் உண்டு. பொறுப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற பெரும்பாலான குணங்களில் அது இன்னும் ஈ. கோலைதான்.