பிளகின் அப்டேட்: தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

‘நல்லா ஓடிட்டு இருக்கிற சைட்ல ஏன் கை வைக்கணும்?’ வேர்ட்பிரஸ் தளம் நடத்தும் பலரும் பிளகின் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது இப்படி நினைத்துத்தான். இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5, ‘ஜேக்வரி மைக்ரேட்’ என்ற பழைய துணை நிரலை நிறுத்தியது. அதை நம்பியிருந்த பழைய பிளகின்கள் பல தளங்களில் மக்கர் செய்தன.

அடுத்த மாதமே மறுபக்கமும் தெரிந்தது. 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்த ‘ஃபைல் மேனேஜர்’ பிளகினில் ஓர் ஓட்டை. லாகின் செய்யாமலே எவரும் தளத்தில் கோப்பை ஏற்றி இயக்க முடிந்தது. செப்டம்பர் 1-ல் வந்த 6.9 பதிப்பு அதை அடைத்தது. அப்டேட் செய்யாத தளங்கள் திறந்தே கிடந்தன. அப்டேட்டால் உடைந்ததைச் சரிசெய்துவிடலாம். கசிந்த வாடிக்கையாளர் விவரங்களைத் திரும்பப் பெற முடியாது.

அப்டேட்டுக்கு முன்: கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுங்க. ஒரு நேரத்தில் ஒரு பிளகினை மட்டும் அப்டேட் செய்து, தளத்தைத் திறந்து பாருங்க.

தளம் சரியா தெரியலையா? ‘ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்’ பிளகினில் டிரபிள்ஷூட்டிங் மோடை ஆன் பண்ணுங்க. உங்களுக்கு மட்டும் மற்ற பிளகின்கள் நிற்கும். பார்வையாளர்களுக்குத் தளம் வழக்கம்போல இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்க. எதை ஆன் செய்ததும் பிரச்சினை திரும்புகிறதோ, சிக்கல் அங்கேதான்.

அட்மின் பக்கமே திறக்கலையா? அட்மின் மின்னஞ்சலைப் பாருங்க. வேர்ட்பிரஸ் 5.2 முதல், பிளகினால் தளம் முடங்கினால் ரெகவரி மோடு லிங்க் அதற்கு வரும். அதன் வழியே நுழைந்து பிளகினை நிறுத்தலாம்.

பயன்படுத்தாத பிளகினை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. அதன் கோப்புகள் சர்வரிலேயே இருக்கும். டெலீட் செய்துவிடுங்க.